கிளாஸ் எனக்கு, பெயர் இவருக்கு

எங்கள் வீட்டில் குடிப்பவள் நான். குடிகாரர் என்ற பெயர் இவருக்கு.

இவர் என்றால் என் கணவர். தேத்தண்ணியைத் தவிர வேறெதையும் ருசித்துக் குடித்தறியாத மனிதர். இளந்தாரிக் காலத்தில் யாரோ வற்புறுத்திக் கள்ளில் ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்ததோடு அந்தக் கணக்கு முடிந்தது. பிறகு சீனி வருத்தமும் வந்து சேர்ந்துகொண்டதால் தோடம்பழச் சாற்றைக்கூடத் தூரத்தில் வைத்துத்தான் பார்ப்பார். அப்படிப்பட்டவரைப் பற்றித்தான் மொன்றியலில் எங்களைத் தெரிந்த தமிழ்ச் சனம் "பாவம், நல்ல மனிசன், இப்ப உதிலை விழுந்திட்டார்" என்று கதைத்துக்கொண்டு திரிந்தது.

கதை தொடங்கியது நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்துச் சமையலறையில். நத்தார் பண்டிகைக்கு முன் சீட்டுக் குலுக்கி ஒருவருக்கொருவர் பரிசு கொடுக்கும் பழக்கம் அங்கே உண்டு. நான் யாருக்கோ காலுறை கொடுத்தேன். எனக்குக் கிடைத்தது பத்திரிகைத் தாளில் சுற்றிய ஒரு சிவப்பு வைன் போத்தல். தந்தவள் என்னோடு மரக்கறி வெட்டுபவள். என் வயதுதான். தென் பிரான்சில் கொர்பியேர் என்ற மலைப் பக்கத்தில் முந்திரிகைக் கொடி வளர்த்து வைன் செய்யும் வீட்டில் பிறந்து, ஒரு கியூபெக்காரனைக் கட்டி இந்தக் குளிருக்குள் வந்து மாட்டிக்கொண்டவள். "மெர்சி" என்று பல்லைக் காட்டி வாங்கினேன். மனதுக்குள், இவளுக்கும் காலுறை கிடைக்கவில்லையா என்று திட்டினேன்.

எங்கள் சனத்தின் கையில் வைன் போத்தல் அகப்பட்டால் அதற்கு இரண்டே கதி. ஒன்று, வரவேற்பறை சோகேசில், மடு மாதா சுரூபத்துக்கும் பிள்ளையின் பட்டமளிப்புப் படத்துக்கும் நடுவில், ஹீட்டர் சூட்டில் வெந்தபடி வருடக் கணக்காக நெட்டுக்குத்தாக நிற்க வேண்டும். மற்றது, அடுத்த பிறந்தநாள் விழாவுக்கு அதே பையோடு பயணப்பட வேண்டும். என் போத்தல் முதல் வகை. அது அப்படியே நின்று விநாகிரியாகப் போயிருக்கும். கெடுத்தது தொலைக்காட்சி.

ஒரு சனிக்கிழமை, பிரெஞ்சுச் சமையல் நிகழ்ச்சியில் ஒருவன் மாட்டிறைச்சிச் சட்டிக்குள் சிவப்பு வைனைக் கடகடவென்று ஊற்றுவதைப் பார்த்தேன். அடுப்பில் என் ஆட்டிறைச்சிக் கறி கொதித்துக்கொண்டிருந்தது. அவன் ஊற்றினால் நான் ஊற்றக்கூடாதா? பாதிப் போத்தலைச் சரித்தேன். வாசம் நன்றாகத்தான் வந்தது. அதோடு விட்டிருக்கலாம். பழக்க தோசத்தில் தேங்காய்ப்பாலையும் விட்டேன். கறி ஊதா நிறமாக மாறி, ஓரங்களில் சாம்பல் நிறத்தில் திரைந்தது. இவர் வந்து மூடியைத் தூக்கிப் பார்த்தார்.

"உதென்னப்பா, சீலைக்குச் சாயம் போடுறீரோ?"

இறைச்சியை வீச மனம் வரவில்லை. துண்டுகளை அள்ளி, சுடுதண்ணியில் கழுவி, மிளகை இடித்துப் போட்டு, கறிவேப்பிலை, சோம்பு, எங்கள் தூள் எல்லாம் சேர்த்து வரட்டிப் பிரட்டத் தொடங்கினேன். பிரட்டும்போது பக்கத்தில் மீதிப் போத்தல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றது. தேத்தண்ணிக் கோப்பையில் கொஞ்சம் ஊற்றினேன்.

முதல் வாய் பிடிக்கவில்லை. நாவற்பழத்தைக் கடித்தால் நாக்கைப் பிடித்து இழுக்குமே, அந்தத் துவர்ப்பு. தூ என்று சட்டியிலிருந்து ஓர் இறைச்சித் துண்டை எடுத்து வாயில் போட்டேன், வாயைச் சரிப்படுத்த. பிறகு இரண்டாம் வாய். துவர்ப்பைக் காணவில்லை. இறைச்சியின் கொழுப்பு அதைத் தின்றுவிட்டிருந்தது. கறுத்தப் பழமும் மிளகும் ஏதோ காய்ந்த பற்றைச் செடியின் வாசமும் மட்டும் மிஞ்சின. சட்டியில் இருந்த மிளகும் போத்தலில் இருந்த மிளகும் ஒன்றையொன்று தெரிந்துகொண்டன. அடுப்படியில் தனியே நின்று "அட!" என்றேன். அவ்வளவு சந்தோசமாக இருந்தது. ஐம்பது வயது கடந்தபின் நாக்குக்குப் புதிதாக ஒரு சந்தோசம் கிடைக்கும் என்று நான் எதிர்பார்த்திருக்கவில்லை.

திங்கட்கிழமை போத்தல் தந்த தோழியிடம் கரட் வெட்டிக்கொண்டே நடந்ததைச் சொன்னேன். தேங்காய்ப்பால் கட்டம் வந்ததும் கத்தியை வைத்துவிட்டுச் சிலுவை போட்டாள். பிறகுதான் ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவளுடைய ஊரில் மண்ணை விடக் கல் அதிகமாம். காற்று அடிக்கத் தொடங்கினால் ஆட்களுக்குப் புத்தி பேதலிக்கும் வரை அடிக்குமாம். கல்லுக்குள் காட்டுத் தைமும் ரோஸ்மேரியும் முளைத்துக் கிடக்க, அந்த வாசமெல்லாம் வைனுக்குள் வந்துவிடும் என்கிறாள். கரிஞான், கிறெனாஷ், சிறா என்று மூன்று நான்கு சாதிப் பழங்களைக் கலந்துதான் செய்வார்களாம். கரிஞான் முரட்டுத்தனத்தைக் கொடுக்கும், கிறெனாஷ் இனிமையை, சிறா மிளகை. எங்கள் கறித்தூளும் அப்படித்தானே என்றேன். அவளுக்கு அது பிடித்துக்கொண்டது.

போத்தலின் முதுகில் எழுதியிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். தோல், புகையிலை, ஈரமான காட்டுத் தரை என்று எழுதியிருக்கும். வாசித்தால் செருப்புக் கடை வாசலில் யாரோ சுருட்டுப் பிடிப்பதுபோல் இருக்கும். குடிக்கும் ஆசையே போய்விடும். நான் சொல்கிறேன், கேளுங்கள். போர்தோ வைன் கோட்டும் சூட்டும் போட்டு வந்து, கதிரையின் நுனியில் இருந்து, நீங்கள் மரியாதையாகப் பேசும் வரை வாயைத் திறக்காத மாப்பிள்ளை வீட்டுக்காரர். கொர்பியேர் வைனோ சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நேரே குசினிக்குள் வந்து, "என்ன கறி?" என்று சட்டியைத் திறக்கும் சொந்தக்காரன். சத்தம் போடுவான், கொஞ்சம் கரடுமுரடு, ஆனால் சாப்பாட்டை மதிப்பான்.

எல்லாச் சாப்பாட்டையும் அல்ல. இதைப் பட்டுத்தான் படித்தேன். நண்டுக் கறியோடு குடித்த அன்று உறைப்பு காது வழியாக வெளியே போனது. மிளகாயும் துவர்ப்பும் சேர்ந்தால் ஒன்றையொன்று உசுப்பிவிடும். இரண்டு பக்கத்துச் சம்பந்திகளையும் ஒரே காரில் ஏற்றியது போலாகிவிடும். புளிவிட்ட மீன்குழம்போடு குடித்தால் வாயெல்லாம் தகர வாசம். சொதிக்குத் தேசிக்காய் விட்டிருந்தால் போத்தலைத் திறக்கவே வேண்டாம். ஒடியல் கூழோடு ஒருமுறை முயன்றேன். அதைப் பற்றிக் கதைக்க விருப்பமில்லை. ஆனால் பொரித்த கத்தரிக்காய்க் குழம்பு? அந்த எண்ணெய்க்கும் கருகலுக்கும் இந்த வைன் உயிரை விடும். மிளகு தூக்கலான ஆட்டிறைச்சிப் பிரட்டலும் புட்டும் என்றால் மாதாவே வந்து கேட்டாலும் என் கிளாசைக் கொடுக்க மாட்டேன். எங்கள் தெரு மூலைக் கடையில் விற்கும் பூட்டின் என்ற கியூபெக் சாப்பாட்டோடும் குடித்துப் பார்த்தேன். பொரித்த உருளைக்கிழங்கு, குழம்பு, சீஸ் எல்லாம் ஒரே கும்பலாகக் கிடக்க, இவன் அங்கேயும் சாரத்தோடு போய் இருந்துகொண்டான். தோழியிடம் அதைச் சொன்னபோது அவள் அன்று முழுக்க என்னோடு கதைக்கவில்லை.

அறைச் சூட்டில் குடிக்க வேண்டும் என்று சொல்வார்கள். யாருடைய அறை? அவள் ஊரில் கல் வீடு, குளுகுளுவென்று இருக்கும். மொன்றியலின் வில்லரே பகுதியில் எங்கள் வீட்டில் குளிர்காலத்தில் ஹீட்டரைத் திறந்துவிட்டால் உள்ளே கொழும்பு வெயில். அந்தச் சூட்டில் வைன் இருமல் மருந்து மாதிரி ஆகிவிடும். அதனால் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னதாகப் போத்தலைப் பின் பல்கனியில் பனிக்குள் குத்தி வைத்துவிடுவேன். அந்தப் பின் பல்கனியால்தான் எல்லாம் கெட்டது.

பின்சந்துக்கு அந்தப் பக்கம் எங்கள் கோயில் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பல்கனியில் போத்தல் தெரியும். கிழமைக்குக் கிழமை மறுசுழற்சித் தொட்டியில் விழும் போத்தலின் சத்தமும் கேட்கும். பத்தாததற்கு அரசாங்க மதுக்கடைக்குப் போகிறவர் இவர். நான் போய் எங்கள் ஆட்களில் ஒருவரின் கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று எனக்குப் பயம். "இஞ்சாருங்கோ, வரேக்கை ஒண்டு வாங்கிக்கொண்டு வாங்கோவன்" என்பேன். இவர் வேலை முடிந்து வரும் வழியில், முட்டையும் பாணும் வாங்குவது போல, கொர்பியேர் தட்டுக்கு நேரே போய் எடுத்துக்கொண்டு வருவார். கடைக்காரருக்கு இவரைக் கண்டால் மரியாதை. ருசி தெரிந்தவர் என்று நினைக்கிறார்கள். எங்கள் கலியாண நாளுக்கு உணவகம் போனபோதும் அப்படித்தான். வைன் கேட்டவள் நான். பரிமாறுபவன் ருசி பார்க்க ஊற்றியது இவருடைய கிளாசில். இவர் அதைத் தூக்கி, மூக்கருகில் கொண்டுபோய், பெரிய நீதவான் மாதிரித் தலையை ஆட்டிவிட்டு, அவன் அந்தப் பக்கம் திரும்பியதும் கிளாசை என் பக்கம் தள்ளினார். சிரித்துச் சிரித்து எனக்குப் புரைக்கேறியது.

சிரிப்பு கோயில் திருநாளோடு நின்றது. வருடா வருடம் மாதா சுற்றுப்பிரகாரத்துக்கு ஒலிவாங்கி பிடித்து அறிவித்தல் சொல்பவர் இவர். நல்ல கணீரென்ற குரல். அந்த வருடம் கமிட்டிக்காரர் ஒருவர் தோளில் கை போட்டு, "நீங்கள் இந்தமுறை கொஞ்சம் ஓய்வெடுங்கோவன்" என்று சொல்லிவிட்டார். இவர் "ஓம், ஓம்" என்று சிரித்தபடி வந்து செற்றியில் இருந்தார். ஒலிவாங்கி பிடிக்காத கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அன்று முழுக்க மடியில் வைத்திருந்தார். அவர்களிடம் போய்ச் சொல்லுங்கள் என்றேன். "விடுமப்பா" என்றார். அந்த "விடுமப்பா"வைக் கேட்டு இவர்மீதே எரிச்சல் வந்தது. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசத் தெரியாத பயந்தாங்கொள்ளிக்குத்தானே என்னைக் கட்டிக் கொடுத்தார்கள் என்று நினைத்தேன்.

பிறகு என் அண்ணை தொலைபேசியில் வந்தார். "ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாறன். அண்ணி வரேல்லை."

அண்ணி இல்லாமல் அண்ணை வந்தால் விசயம் பெரிது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் புரோசார்டில் இருக்கிறார். அப்பா செத்த பிறகு எனக்கு அப்பாவாக நின்று, என்னைப் படிப்பித்து, இவருக்குக் கட்டிக் கொடுத்து, பிறகு எங்கள் இரண்டு பேரையும் இந்த நாட்டுக்கு எடுத்துவிட்டவர். எனக்குப் பிறந்த வீடு என்று ஒன்று இருந்தால் அது அண்ணைதான். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் இந்த ஊரில் என்னைப் பெயர் சொல்லி அதட்டவும் ஆளில்லை. அதே அண்ணை சனிக்கிழமைகளில் தன் வீட்டு நிலவறையில் கூட்டாளிகளோடு விஸ்கி குடித்துப் பழைய பாட்டுப் பாடுவதும் எனக்குத் தெரியும். அது குடி இல்லையாம், சோசல் டிரிங்காம்.

வந்தார். சப்பாத்தைக் கழற்றினார். மேசையில் அண்ணையும் இவரும் இருந்தார்கள், நான் நின்றேன். எங்கள் வீடுகளில் ஆண்கள் இருந்து சாப்பிட, பெண் நின்று பரிமாறி, கடைசியில் சட்டியோடு சாப்பிடுவாள். நாங்கள் இரண்டு பேரும் தனியே இருக்கும்போது அந்த வழக்கம் எப்போதோ தொலைந்து போயிருந்தது. ஆனால் அண்ணை எங்கள் வீட்டுப் படியேறினால் அதுவும் பின்னாலேயே படியேறி வந்துவிடும். புட்டு வைத்தேன், மிளகு போட்ட ஆட்டிறைச்சிப் பிரட்டல் வைத்தேன். அண்ணை பாதி சாப்பிட்டுவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

"மச்சான், நான் குடிக்கிறேல்லை எண்டு சொல்லேல்லை. ஆனா நான் நாலு பேரோடை, அளவோடை. தனிய இருந்து கிழமை முழுக்கக் குடிக்கிறது வருத்தம். அதை வருத்தம் எண்டுதான் சொல்லவேணும்."

இவர் புட்டைக் குழைத்தார்.

"நான் ஒரு டொக்டரிட்டைக் கதைச்சிட்டன். எங்கடை ஆள்தான். வெளியிலை ஒருத்தருக்கும் தெரியவராது. என்ரை தங்கச்சியை ஒருக்கால் பாரும். கவலையிலை எப்பிடி மெலிஞ்சுபோய் நிக்கிறாள்."

போன மாதம்தான் பாவாடை இடுப்பை நான் பிரித்துத் தைத்திருந்தேன். சிரிப்பு வந்தது. ஆனால் இவர் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்தபடி, "ஓம் அண்ணை, நீங்கள் சொல்லுறது சரி. இனி வீட்டை ஒரு போத்தலும் வராது" என்றார்.

சத்தியம் செய்பவரைப் பாருங்கள்! குடிக்காத மனிதர் என் குடியை எடுத்து அண்ணையின் தட்டில் வைத்துவிட்டார். கோபம் உச்சியில் ஏறியது. பேசாமல் இருந்தால் எனக்கு அண்ணை இருப்பார், இவருக்குப் பெயர் இருக்காது. வாயைத் திறந்தால் பெயர் திரும்பி வரும், அண்ணை எழும்பிப் போவார். யோசித்துக்கொண்டு நின்றால் பயம்தான் வெல்லும் என்று தெரிந்து பல்கனிக் கதவைத் திறந்தேன். பனிக்குள் நின்ற போத்தலை இழுத்து எடுத்தேன். தக்கையைக் கழற்றி, ஒரு கிளாசும் ஒரு தட்டும் எடுத்துக்கொண்டு வந்து, தட்டில் புட்டும் இறைச்சியும் போட்டு, கதிரையை இழுத்து அவர்களோடு இருந்தேன்.

"அண்ணை, குடிக்கிறது நான். இவர் ஒரு சொட்டும் வாயிலை வைக்கிறேல்லை."

அண்ணை என்னைப் பார்க்கவில்லை. இவரைத்தான் பார்த்தார், கண் கலங்கி.

"பாரும், புருசனைக் காப்பாத்த அவள் என்ன பழியெல்லாம் ஏற்கிறாள் எண்டு. நீ பொய் சொல்லாதை பிள்ளை."

இப்படியும் ஒரு சங்கடம் வருமா! உண்மையைச் சொன்னாலும் எனக்குப் பதிவிரதைப் பட்டம்தான். வேறு வழியில்லை. கிளாசில் ஊற்றி, அண்ணைக்கு முன்னால், அவருடைய முகத்தைப் பார்த்தபடி குடித்தேன். ஒரே மடக்கில் அல்ல, அதற்கான வைன் இல்லை அது. கொஞ்சம் குடித்து, வாயில் வைத்திருந்து, விழுங்கி, இன்னும் கொஞ்சம் குடித்தேன். அந்த நேரத்திலும் ருசி ருசியாகத்தான் இருந்தது. நான் குடித்த விதத்திலேயே அண்ணைக்கு விளங்கிவிட்டது. பழகாதவள் அப்படிக் குடிக்க மாட்டாள்.

"எப்ப துவக்கம்?" என்றார். குரல் இறங்கிப் போயிருந்தது.

"கறி ஊதாவானதிலை இருந்து" என்றார் இவர். அண்ணைக்கு அது விளங்கவில்லை, விளங்கப்படுத்தவும் யாருக்கும் தைரியமில்லை. அண்ணை கதிரையை இவர் பக்கம் திருப்பினார்.

"அப்ப நீர் ஏன் காணும் பேசாமல் இருந்தனீர்? ஊரெல்லாம் உம்மைக் கதைக்க, நானும் வந்திருந்து இவ்வளவும் சொல்ல?"

இவர் விரலில் ஒட்டியிருந்த புட்டைத் தட்டிவிட்டார்.

"எனக்குக் குடிகாரன் எண்டு பேர் வந்தால் சனம் ரெண்டு திருநாளோடை மறந்திடும், அண்ணை. இவவுக்கு வந்தால் இவவின்ரை செத்தவீட்டிலையும் நிண்டு கதைக்கும். அதுதான்."

பயந்தாங்கொள்ளி என்று நான் நினைத்த மனிதர் எல்லாவற்றையும் யோசித்துத்தான் பேசாமல் இருந்திருக்கிறார். ஒலிவாங்கி போனதும் தெரிந்துதான் போயிருக்கிறது. கிளாசை மேசையில் வைத்தேன். அண்ணையின் தட்டு வெறுமையாக இருந்தது. இறைச்சி முடிந்துவிட்டால் அவர் கேட்க மாட்டார். தலையை நிமிர்த்துவார், நான் ஓடுவேன். நிமிர்த்தினார். நான் எழும்பவில்லை. வேண்டுமென்று அல்ல, இவர் சொன்னதிலேயே மனம் நின்றுவிட்டது.

அண்ணை கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினார். வாசலுக்குப் போகும் நடைப் பக்கம் போனார். சப்பாத்தைப் போடப் போகிறார், அவ்வளவுதான், பிறந்த வீடு போய்விட்டது என்று கிளாசைப் பார்த்தபடி இருந்தேன். சப்பாத்துச் சத்தம் வரவில்லை. குசினிக்குள் மூடி விழும் சத்தம் கேட்டது. பிறகு கரண்டி சட்டியைச் சுரண்டும் சத்தம். இந்த மனிதர் தன் வாழ்நாளில் ஒரு சட்டியைத் தானாகத் திறந்து நான் கண்டதில்லை.

தட்டு நிறைய இறைச்சியோடு திரும்பி வந்தார். கதிரையில் இருக்கும் முன் என் பக்கம் குனிந்து, அதிலிருந்து மஜ்ஜை நிறைந்த எலும்பு ஒன்றைப் பொறுக்கி எடுத்து என் தட்டில் போட்டார்.

"வெறுவயித்திலை குடியாதை" என்றார்.